விரலளவு யன்னல்

போன கிழமை எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் வந்த படத்துக்கு ஆளாளுக்குக் கைதட்டியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. கனடாவிலிருந்து கடைக்காரரின் மகன் இரண்டு தரம் போன் எடுத்துக் கேட்டான். "என்னடி, ஊரிலை இருக்கிற உனக்கு மட்டும் சந்தோசமில்லையோ?" என்று சிரித்தான். வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

படம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்கள் ஐந்தாம் வகுப்புப் படித்த அதே அறை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த ஏசி சுவரில் இருக்கிறது. மாணவர் சக்திச் சேமிப்புக் குழுவின் பிள்ளைகள் சட்டையில் பச்சை அட்டை குத்திக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மேற்குப்பக்க யன்னல். அதைப் பூட்டி, குளிர் வெளியே போகாமல் விளிம்பு முழுக்க மண்ணிற டேப் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளைப் பார்த்தீர்கள். கண்ணாடி போடாமல் பத்திரிகைத் தலைப்பைக்கூட வாசிக்க முடியாத எனக்கு, அந்த டேப் மட்டும் துலக்கமாகத் தெரிந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக வரும். பொறுமை இல்லாதவர்கள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருங்கள்.

அது சோளகக் காற்று வீசிய காலம். சண்டிலிப்பாய்த் தோட்டங்களில் புகையிலை வெட்டி முடிந்து, வெறும் நிலத்திலிருந்து செம்மண் புழுதி எழும்பிக் கண்ணையும் வாயையும் நிரப்பும். பனைகள் பகலெல்லாம் உரசிக்கொண்டே நிற்கும். சண்டையால் கரண்ட் நின்று நெடுநாளாகியிருந்தது. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்தது. அதற்காக ஆட்கள் விடிய முதல் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் போத்தலை வரிசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பார்கள்.

ஆவணியில் புலமைப்பரிசில் சோதினை. பகலில் குண்டு போடுகிற பிளேன் சுற்றினால் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள் என்பதால், எங்கள் மாஸ்டர் விடியக்காலை ஐந்து மணிக்கு வகுப்பு வைத்தார். அரிக்கன் லாம்பு ஒன்றை அவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார். ஒருநாள் லாம்பு இல்லாமல் வந்தார். "பிள்ளையள், எண்ணெய் முடிஞ்சுது. இனி வகுப்பு ஏலாது" என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நல்ல மனுசன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைப்பற்றிச் சிலது சொல்லவேண்டி வரும்.

வகுப்பை நிற்க விடாமல் பிடித்தது நாங்கள்தான். பெரியவர்கள் கைவிட்ட காரியத்தைப் பத்து வயதுப் பிள்ளைகள் கையில் எடுத்தோம். விளக்குக் குழு! அந்தப் பெயரை வைத்தவள் நான். தலைவியும் நான்தான், என்னை யாரும் தெரிந்தெடுத்ததாக ஞாபகம் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு எண்ணெய், நடுவில் கம்பியில் நிமிர்ந்து நிற்கும் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரியும். நாலு பேருக்கு ஒரு விளக்கு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு மூடி எண்ணெய் கொண்டுவர வேண்டும். மாஸ்டர் வாய் திறந்த பிறகுதான் கொளுத்த வேண்டும். திரியை நான் மட்டும்தான் தொடலாம்.

காற்றுத்தான் எதிரி. சோளகம் மேற்கு யன்னலால் நேரே உள்ளே வரும். சுடர் ஆடும், எண்ணெய் குடிக்கும், அணையும், பிறகு கொளுத்த நெருப்புக்குச்சிக்கு எங்கே போவது? ஆகவே யன்னல்களைச் சாத்தினோம். மரப்பலகை இடுக்குகளில் பழந்துணி செருகினோம். கதவுக்கு அடியில் உரச்சாக்கை மடித்துத் திணித்தோம். அறை பெட்டி மாதிரி ஆனது. சுடர் ஆடாமல் நின்றது. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இதுவல்லோ மூளை!" என்றார். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவில்லை.

எண்ணெய் இன்னும் குறைந்தபோது கோவிலடிப் புன்னை மரங்களின் கீழே கொட்டை பொறுக்கினோம். உடைத்துக் காயவைத்துச் செக்கில் கொடுத்து எண்ணெய் எடுத்தோம். பாதி மண்ணெண்ணெய், பாதி புன்னை எண்ணெய். அதுவும் என் யோசனைதான். அது எரியும்போது வரும் புகையை உங்களில் யாரும் மறந்திருக்க முடியாது. கசப்பாக, தடிப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பு முடிந்து மூக்கைச் சிந்தினால் கரி வரும். கரி மூக்கோடு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள்.

கரையோரத்தில் ஷெல் விழ, மீன்பிடிகாரர் ஊரான குருநகரிலிருந்து எழும்பி வந்த சனங்களில் ஒரு தாயும் மகளும் எங்கள் சின்னையாவின் வளவில் இருந்தார்கள். அப்பாவின் தம்பியான சின்னையா, புகையிலை உலர்த்தும் கொட்டிலைக் கூட்டிக் கழுவி அவர்களுக்குக் கொடுத்திருந்தார். தகப்பன் வலையும் வள்ளமுமாக அங்கேயே கரையோரம் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை எங்கள் வகுப்புக்கு வந்தாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. கூட்டல் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாங்கள் அவளைக் குருநகர் என்று கூப்பிட்டோம். "குருநகர், கொப்பியைத் தா." "குருநகர், அங்காலை தள்ளு." கூப்பிட்டால் ஓம் என்று திரும்புவாள்.

அவளிடம் எண்ணெய் இல்லை. அகதிக் கார்ட்டுக்குக் கிடைத்த அரைப்போத்தலைத் தாய் சமையலுக்கு வைத்திருந்தாள். ஆகவே நான் அவளை விளக்குக்குத் தூரமாக, மேற்கு யன்னலடி வாங்கில் இருத்தினேன். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. அது எனக்கு முதலில் விளங்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் விளங்கியது. ஒரு காலை சுடர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கின. கடைக்காரரின் மகன், "எடியே, எங்கையோ காத்து வருது" என்றான். நான் தலைவியல்லவா, எழும்பிப் போய்ப் பார்த்தேன். மேற்கு யன்னல் பலகை ஒரு விரலளவு திறந்திருந்தது. மூடாமல் இருக்க இடையில் ஒரு கட்டை செருகியிருந்தது. வலையில் கோக்கும் மிதப்புக் கட்டை. நடுவில் துளை, கயிறு தேய்த்த அடையாளம், உப்பு வெள்ளை. அவள் வாயை அந்த இடைவெளியில் வைத்து இருந்தாள்.

"உதென்ன?" என்றேன்.

"அப்பான்ரை மிதப்பு. ஒரு விரல்தான் திறந்தனான். எனக்கு அவ்வளவு காணும்."

"விளக்கு அணையப் போகுது."

"எனக்கு முட்டு. புகைக்கை இருந்தால் மூச்சு இழுக்கும்."

நான் மிதப்பைப் பிடுங்கினேன். யன்னல் அடித்துச் சாத்திக்கொண்டது. "எண்ணெயும் கொண்டுவரமாட்டாய், யன்னலும் திறக்கவேணுமோ உனக்கு?" என்றேன்.

இந்த ஒரு வசனத்தை நான் முப்பது வருசத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு கிண்டும்போது கேட்கும். பஸ்ஸில் யாராவது யன்னலைச் சாத்தினால் கேட்கும். என் குரல்தான், பத்து வயதுக் குரல், கெட்டிக்காரத்தனமான குரல்.

அவள் அடுத்தநாள் வகுப்பின் நடுவில் எழும்பி வெளியே போய் நின்றாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் மாஸ்டர் மறித்துவிட்டார். "ஒவ்வொரு நாளும் என்ன வெளியிலை வேலை? கணக்குக்குப் பஞ்சிப்படுறியோ? இனி வகுப்பு முடியுமட்டும் ஒருத்தரும் கதவு திறக்கப்படாது." கதவுக்கு முன்னால் தன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார். கடற்கரைப் பிள்ளைக்கு விடிய எழும்பிப் பழக்கமில்லை, அதுதான் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தார். வள்ளம் கரைக்கு வருகிற நேரத்தில் எழும்பி மீன் தெரிந்தெடுத்து வளர்ந்த பிள்ளையைப் பற்றி அப்படி நினைத்தார்.

அவள் வேறு எதையாவது செருகித் திறந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். கடைக்காரரின் மகன் கடையிலிருந்து ஒரு ஆணி கொண்டுவந்தான். டேய், உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் நீ வெட்கப்பட வேண்டாம். பலகையையும் சட்டத்தையும் சேர்த்து, கல்லால் அடித்தது நான்.

அடுத்தநாள் காலை மாஸ்டர் கணக்குச் சோதினை வைத்தார். புது எண்ணெய், கறுத்த புகை. அறையில் பென்சில் உரசும் சத்தமும் இன்னொரு சத்தமும். சைக்கிள் பம்பில் வாசர் போய்விட்டால் இழுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதென்றால் உங்களுக்கும் கேட்டிருக்கும். அவள் கையை உயர்த்தினாள். மாஸ்டர் பாராமலே, "முதல் கணக்கை முடி" என்றார். அவள் யன்னல் பலகையை உள்ளங்கையால் தள்ளினாள். அசையவில்லை. தடவிப் பார்த்தாள். ஆணி விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவு நல்லது. திறந்துவிடு என்று கேட்கிற பார்வை அது. நான் குனிந்து திரியைச் சரிசெய்தேன். சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் தலையை வாங்கில் வைத்தாள்.

"குருநகர், இது நித்திரை கொள்ளுற இடமில்லை" என்றார் மாஸ்டர். இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னார். பிறகு எழும்பிக் கிட்டப் போய், தலையை நிமிர்த்தினார். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. "ஐயோ" என்று அவர் சொன்ன சத்தம் எனக்கு இன்னும் புதிதாக இருக்கிறது. அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கதிரையைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தார். சோளகம் உள்ளே வந்தது. எல்லா விளக்கும் ஒரே அடியில் அணைந்தன.

அப்போதும் அறை இருட்டவில்லை. வெளியே நன்றாக விடிந்திருந்தது. முற்றத்தில் வெயில் விழுந்து, வேலியோரம் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் இடுக்கெல்லாம் அடைத்துப் போட்டு, விடிந்தது தெரியாமல், விடிந்த பிறகும் எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தோம். எத்தனை நாள் அப்படி எரித்தோமோ, தெரியாது.

சைக்கிள் பாரில் அவளை இருத்தி மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாலாம் நாள் செத்துப்போனாள். மருந்து இல்லை என்றார்கள், பிறவி வருத்தம் என்றார்கள். எங்கள் புகையால்தான் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவளை அந்த இருட்டுக்குள் கொண்டுபோய் இருத்தி ஆணி அடித்தோம் என்பதைத் தவிர எனக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியாது.

ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டும். அது கையருகிலேயே கிடைத்தது. "புகையிலைக் கொட்டிலுக்கை பிள்ளையைப் படுக்கவிட்டால் முட்டு வராமல் என்ன செய்யும்?" என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள். சின்னையாவுக்குக் கேட்கத்தான் கதைத்தார்கள். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தாய்க்குப் பக்கத்தில் நின்றேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் என்றில்லாமல் சொன்னாள்: "கொட்டிலுக்குள்ளை அவள் ஒருநாளும் படுக்கேல்லை மோனை. மாமரத்துக்குக் கீழை பாயைப் போட்டுத்தான் படுப்பாள். காத்துப் பட்டால் அவளுக்கு ஒண்டும் செய்யிறேல்லை."

இதைக் கேட்டது நான் ஒருத்திதான். வாயைத் திறந்து அந்த வசனத்தை அப்படியே உரத்துச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி வரும். கொட்டில் இல்லையென்றால் வேறு எங்கே புகை? நான் மூடிக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள் செலவு முடிய முதலே சின்னையா அந்தக் கொட்டிலைப் பிரித்தார். கூரைக் கிடுகைக்கூட அடுப்புக்கு எடுக்கவிடாமல் வெளியில் போட்டு எரித்தார். அதற்குப் பிறகு அவர் புகையிலை நடவேயில்லை.

வகுப்பு நடந்தது. யன்னல் சாத்தியபடியேதான் நடந்தது. ஆணியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது, நான் செய்யவில்லை. தவணை முடிவில் பெரிய வாத்தியார் என்னைப் பிரார்த்தனை மண்டபத்தில் மேடைக்குக் கூப்பிட்டார். "எண்ணெய் இல்லாத நேரத்திலை எங்கடை பிள்ளையள் வெளிச்சத்தை மிச்சம்பிடிச்சுக் காட்டியிருக்கினம்" என்று சொல்லி ஒரு கொம்பாஸ் பெட்டி தந்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். மாஸ்டர் மட்டும் தட்டவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஏதோ தெரிந்திருந்தது. ஆனால் ஒருநாளும் என்னோடு அதைக் கதைத்ததில்லை. ஒருவராவது என்னை ஏசியிருக்கலாம். ஒரு அடி போட்டிருக்கலாம்.

மிதப்பை நான் அந்தக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சில வருசம் கழித்து ஊரே எழும்பிய பெரிய இடப்பெயர்வில் மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்தபோது பையோடு அது போய்விட்டது. கொடிகாமம் வந்து சேர்ந்து, நனைந்த உடுப்பைப் பிழிந்து காயப்போட்ட பிறகுதான் கவனித்தேன். உடுப்பு, கொப்பி, அம்மாவின் பித்தளைச் செம்பு எல்லாம் போனதற்கு வீட்டில் அழுதார்கள். நான் எதற்கு அழுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கொடிகாமத்தில் சின்னையா படுக்கையில் விழுந்தார். ஒரு பின்னேரம் கஞ்சி கொண்டுபோனேன். குடிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அந்தப் பிள்ளையோடை படிச்சனி. உண்மையைச் சொல்லு. நான் கொட்டிலைக் குடுத்தது பிழைதானே?"

"இல்லைச் சின்னையா."

"அப்ப ஏன் செத்தவள்?"

எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. எல்லாம் விளங்குகிற வயது. "தெரியாது சின்னையா" என்றேன். "ஆறப்போகுது, குடியுங்கோ" என்றேன். அந்த மாரியில் அவர் போய்விட்டார், தன் கொட்டில்தான் கொன்றது என்ற நினைப்போடு. வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு நிழல் கொடுத்த மனுசனுக்கு நான் கொடுத்தனுப்பியது அதுதான்.

இப்போது என் வீட்டில் யன்னல் சாத்துவதில்லை. மழை உள்ளே அடித்தாலும் ஒன்று திறந்திருக்கும். இவர் பகிடி பண்ணுவார், "உன்ரை கள்ளனுக்கு வழி விட்டிருக்கிறியோ?" என்று. மூடிய அறை ஒன்றில் இருந்தால் எனக்கு அந்தப் பம்புச் சத்தம் கேட்கத் தொடங்கும். கலியாண மண்டபத்தில் கேட்கும், வங்கியில் கேட்கும். யாராவது கதவைத் திறந்தால் நிற்கும்.

சரி, படத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்த அடுத்தநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய மாணவி என்று சொல்லி அந்த அறைக்குள் விட்டார்கள். பத்து மணி. வெளியே கண்கூசும் வெயில். உள்ளே திரைச்சீலை இழுத்து, நாலு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. காற்று பழசாக இருந்தது. பின் வரிசையில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சக்திச் சேமிப்புக் குழுவின் தலைவி, பதின்மூன்று வயதிருக்கும், இரட்டைப் பின்னல், ஓடிவந்து எல்லாம் விளக்கினாள். எந்த நேரம் ஏசி போடுவது, யார் பல்ப் அணைப்பது, டேப் ஒட்டிய பிறகு எவ்வளவு மிச்சம். அவளுடைய யோசனைதான் டேப். அந்தப் பெருமை முகத்தை எனக்குத் தெரியும். அது என் முகம்.

நான் யன்னலடிக்குப் போய் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினேன்.

"அன்ரி, உதைக் கழட்டாதேங்கோ! கூல் எல்லாம் வெளியிலை போயிடும். சும்மா வீணாப்போகும்."

"போகட்டும் பிள்ளை."

ஏன் என்று கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை, அறிய வேண்டுமென்று கேட்டாள். வாங்கில் இருந்து சொல்லத் தொடங்கினேன். இவருக்கும் சொல்லாத கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எண்ணெய், புகை, மிதப்பு, ஆணி, சின்னையா. யாரும் கொட்டாவி விடவில்லை.

முடிந்ததும் இரட்டைப் பின்னல்காரி கேட்டாள்: "வெளியிலை விடிஞ்சது ஒருத்தருக்கும் தெரியேல்லையோ அன்ரி?"

"தெரியிறதுக்கு நாங்கள் ஒரு ஓட்டையும் விடேல்லை."

அவள் நிமிர்ந்து பல்ப்புகளைப் பார்த்தாள். பிறகு போய்த் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டாள். பல்ப்பை அணைத்தாள். தங்களுக்குள்ளே கூடிக் கதைத்தார்கள், இரண்டு பேர் சண்டையும் பிடித்தார்கள். மத்தியானம் வரைக்கும் ஏசி வேண்டாம், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் யன்னல் போதும், வெக்கை கூடினால் பிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் குழுவில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததேயில்லை. டேப்பை அவர்களே உரித்தார்கள். பலகை புதிது, சட்டம் பழையது. அதில் விரல் ஓட்டிய ஒருத்தி, "உதென்ன, பெயின்ருக்குக் கீழை ஆணி மாதிரி?" என்றாள். ஆணியின் பலகைப் பக்கம் போய்விட்டது, சட்டத்துக்குள் முறிந்த துண்டு அப்படியே இருந்தது. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

ஏசி வாங்கியதற்காக உங்களை நோகவில்லை. பிள்ளைகள் அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கட்டும், குழுவில் அதைப்பற்றி விண்ணாணம் கதைக்காதீர்கள். நான் கேட்க வந்தது வேறு.

நான் புறப்படும்போது இரட்டைப் பின்னல்காரி கொப்பியும் பேனையுமாக வாசலில் மறித்தாள். "அன்ரி, இந்த யன்னலுக்குக் கீழை அந்தப் பிள்ளையின்ரை பேரை எழுதி வைக்கப் போறம். அவவின்ரை பேர் என்ன?"

வாயைத் திறந்தேன். குருநகர் என்று வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. சண்டை முடிந்ததும் போய்விடுவாள் என்று மாஸ்டர் அவளை இடாப்பில் பதியவில்லை. மேடையில் யாரும் அவளைச் சொல்லவில்லை. தாய் எங்கே போனாள் என்று தெரியாது. மூன்று மாதம் எங்களோடு ஒரே அறையில் மூச்சுவிட்ட பிள்ளையை, ஒருநாளாவது நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"நாளைக்குச் சொல்லுறன் பிள்ளை" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து நாளாகிவிட்டது. யன்னலுக்குக் கீழே வெள்ளை அடித்து, இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?